பத்தொன்பதாம் நாள் அவிழ்த்த கட்டு

நங்கை,

நேற்றிலிருந்து என் கையில் கோழிக்கால் வாடை. அரப்புத் தூள் போட்டுக் கழுவினேன், எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தேன், போகவில்லை. இந்த வாடை போவதற்குள் உங்களுக்கு எழுதிவிட வேண்டும். வாடையோடு சேர்ந்து என் தைரியமும் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து மேடும் பள்ளமுமாகத்தான் வரும். உங்களுக்குத் தெரிந்த சங்கதியையும் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இந்தக் காகிதம் நாளைக்கு வீட்டில் யார் கைக்காவது போனால், அவர்களுக்கும் தலைகால் புரிய வேண்டும் அல்லவா? என் வீட்டுக்காரருக்கு அக்கா நீங்கள். மோகனூரில் வாக்கப்பட்டதால் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மோகனூர் அத்தை. எனக்கு மட்டும் நங்கை. நீங்கள் காலமாகி ஆடியோடு ஒரு வருசம் முடிந்தது.

கோழிக்கால் கதையைச் சொல்கிறேன். நீங்கள் கை தொட்டு வாழ்த்திய கல்யாணத்தின் முதல் பிள்ளை, என் பேத்தி சௌமியா, சேலத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அஸ்தம்பட்டியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். கையில் காலில் சதையையும் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கிற கயிறு இருக்கிறதே, நாம் நரம்பு என்போம், அவள் தசைநாண் என்று திருத்துவாள், அது அறுந்தால் திரும்பச் சேர்ப்பதுதான் அவள் வேலை. தைத்த இடத்தின்மேல் சட்டைக்கை மாதிரி ஓர் உறை மாட்டுகிறாள். பாலிமர் என்கிறாள். பிளாஸ்டிக் இனம்தானாம், ஆனால் உடம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடுமாம். ஒரு ஊசி முனையிலிருந்து சிலந்தி நூலைவிட மெல்லிசாக இழை கிளம்பி, சுழலுகிற உருளையில் சுற்றிக்கொள்வதை என் கண்ணாலேயே பார்த்தேன். எல்லா இழையும் ஒரே பக்கம் பார்த்து ஓடுகிறது. அப்போதுதான் உடம்பு தன் சொந்த நாரை அந்த வழியே வளர்க்குமாம்.

எனக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. வெற்றிலைக் கொடிக்காலில் நாம் செய்கிறதுதானே? இளங்கொடியை அகத்தியோடு வாழை நார் போட்டுக் கட்டுகிறோம். கொடி தன் வேரால் மரத்தைப் பிடிக்கும்வரை நார் தாங்க வேண்டும், பிடித்தபிறகு மக்கிப்போக வேண்டும். முன்னால் மக்கினால் கொடி சரியும், மக்காமலே கிடந்தால் கொடியை அறுத்துவிடும். இதைச் சொன்னபோது அவள், "அதேதான் அப்பத்தா. அந்தக் கணக்கு சிக்காமத்தான் நாலு வருசமா முட்டிக்கிட்டு இருக்கறேன்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வேலூர்ச் சந்தையில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அவள் உறையைச் சோதிப்பது கோழிக்காலில். கோழியின் கால்விரல் நாண் நம் கைவிரல் நாண் போலவே தோலுக்கடியில் ஒரு குழலுக்குள் வழுக்கி ஓடுமாம். சேலத்துக் கடைகளில் மூட்டோடு வெட்டிவிடுவதால் நாண் முழுசாகக் கிடைப்பதில்லை. நம் ஊர்க் கறிக்கடையில் சொல்லி, மூட்டுக்கு மேலே விட்டு வெட்டி வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது என் வேலை. வழக்கமாகப் பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவேன். இந்தத் தடவை நானே கொண்டுபோனேன். காரணம் ஞாயிற்றுக்கிழமை வந்த போன்.

"அப்பத்தா, ஆராய்ச்சிப் புத்தகம் முடிஞ்சுது. புதங்கிழம அச்சுக்குப் போகுது. மொதப் பக்கத்துல ஒண்ணு மட்டும் தமிழ்ல எழுதிருக்கறேன், கேளுங்க" என்று படித்தாள்.

"பொறுமையில்லாமல் தன் கட்டைத் தானே அவிழ்த்து, இரண்டு விரல்களின் அசைவை இழந்த என் மோகனூர் அத்தைக்கு."

நல்லாருக்குதா என்று கேட்டாள். நல்லாருக்குது கண்ணு என்றேன். போனை வைத்தபிறகு சோறு இறங்கவில்லை.

நங்கை, இருபத்தெட்டு வருசம் அந்தப் பொய் நம் வீட்டுக்குள் இருந்தது. வாயில் இருந்த பொய் காகிதத்துக்குப் போகப் போகிறது. நீங்கள் இல்லாத காலத்திலும் உங்களை அவசரக்காரி என்று படித்தவர்கள் படிக்கப் போகிறார்கள். புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பிள்ளை என்னை எந்தக் கண்ணால் பார்க்குமோ தெரியாது. எனக்கென்று இருக்கிற ஒரே கிரீடம் அவள் பார்வைதான்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நாமக்கல் தாண்டியதும் ஐஸ் உருகி வாடை கிளம்பிவிட்டது.

"ஏனுங்க ஆத்தா, டப்பாவுல என்னங்க மீனா?" என்றார் கண்டக்டர்.

"கோழிக்காலு."

"பேரன் பேத்திக்குச் சூப்பு வெக்கறதுக்குங்களா?"

"அறுந்த நரம்பத் தெச்சு ஆராய்ச்சி பண்றதுக்கு. எம்பேத்தி பண்றா."

"செத்த கோழிக்கு ஆபரேசனுங்களா! உசுரோட இருக்கற எனக்கு முட்டி வலி, பாக்க ஆளில்லீங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பெட்டியின் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தேன், உள்ளங்கையில் தடம் விழுந்துவிட்டது.

அந்தத் தடத்தைப் பார்த்ததும் உங்கள் உள்ளங்கைதான் நினைவுக்கு வந்தது. காற்றில் கிளம்பிய மாட்டுக்கொட்டகைத் தகரத்தை வெறும் கையால் பிடித்தீர்கள். வலது உள்ளங்கையைக் குறுக்கே சீவிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொங்கின. சேலத்தில் தைத்த டாக்டர், மணிக்கட்டும் விரலும் மடங்கியபடி இருக்கக் கட்டுப் போட்டு, "ஆறு வாரம் இப்படியேதான் இருக்கணும். விரலை நிமித்தினீங்கன்னா உள்ள தையல் விட்டுடும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதிலும் விழுந்தது. அதை நான் மறைக்க மாட்டேன்.

பத்தொன்பதாம் நாள் என் மகன் கல்யாணம். நம் பக்கத்தில் அருமைக்காரர் இல்லாமல் கல்யாணச் சீர்ச் சடங்கு நடக்காது. அதற்கென்று உள்ள சீரைச் செய்துகொண்டு, பிள்ளை குட்டியோடு நிறைவாக இருக்கிறவர் கை தொட்டு வாழ்த்த வேண்டும். நம் சொந்தத்தில் அந்தத் தகுதியோடு இருந்தவர் நீங்கள் ஒருத்தர். நீங்கள் கட்டோடு மண்டபத்தில் வந்து உட்கார்ந்ததும் பெண் வீட்டு அம்மா ஒருத்தி என் காதுபட, "ஆசுபத்திரித் துணியோட சீரு செய்யறதுங்களா? எங்கூருப் பக்கம் நாங்க கண்டதில்லீங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வெளியிலிருந்து வேறொருவரை வைத்துச் செய்திருக்கலாம். இடது கையால் தொட்டாலும் போதும் என்று சொல்லியிருக்கலாம். என் மகன் கல்யாணத்தில் என் நங்கையின் கை குறைவாகத் தெரியக்கூடாது என்கிற வீம்பு. உங்களைச் சாமான் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அரை நாழி நேரந்தேன் நங்கை. அவுத்துட்டு, சீரு முடிஞ்சொடனே நானே கட்டியுடறேன்."

"டாக்டரு வெய்வாருடி."

"டாக்டரு என்ன, கல்யாணத்துக்கா வந்திருக்கறாரு?"

நீங்கள் சிரித்துவிட்டுக் கையை நீட்டினீர்கள். அந்தச் சிரிப்பை நம்பிக்கை என்று நான் எடுத்துக்கொண்டேன். கட்டைப் பிரித்தேன். வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீரில் கழுவினேன். விரல்கள் வாழைச்சருகு போலச் சுருண்டிருந்தன. இப்படி இருந்தால் வாழ்த்துகிற அறுகம்புல்லைப் பிடிக்க முடியாதே என்று, ஆள்காட்டி விரலை என் கட்டைவிரலால் தாங்கி மெல்ல நிமிர்த்தினேன். பிறகு நடுவிரல்.

டுக்.

சத்தம் என்று சொல்ல முடியாது. வெற்றிலைக் காம்பைக் கிள்ளினால் வருமே, அவ்வளவுதான். காதில் கேட்டதைவிட என் கட்டைவிரலுக்கு அடியில்தான் அது தெரிந்தது. உங்கள் முகம் வெளுத்தது. நீங்கள் ஒரு மூச்சு விட்டு, "முந்தானைய எடுத்து மணிக்கட்டோட சேத்துச் சுத்து. நேரமாச்சு" என்றீர்கள்.

வலது கை விரலிடுக்கில் புல்லைச் செருகி, இடது கையை அடியில் தாங்கக் கொடுத்து, பாலில் நனைத்து என் மகனையும் மருமகளையும் தொட்டு வாழ்த்தினீர்கள். அந்த அம்மாவே, "ரெண்டு கையாலயும் எத்தன பக்தியா வாழ்த்தறாங்க பாருங்க" என்றாள்.

மறுநாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யாரு அவுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். உங்கள் கால் என் காலை மிதித்தது.

"நாந்தேனுங்க. அரிப்பு எடுத்துதுங்க, அவுத்துப்போட்டனுங்க."

என் மாமியார், உங்களைப் பெற்றவர், திரும்பி வருகிற பஸ் முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே வந்தார். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். இறங்கியபிறகு புளியமரத்தடியில் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "இதப் பத்தி நீ வாயத் தொறக்கப்படாது. எங்கம்மாளப் பத்தி எனக்குத் தெரியும். நான்னா நாலு நாளைக்கு வெய்யும். நீன்னா ஆயுசுக்கும் உன்னய உக்காந்து சோறு திங்க உடாது."

மறுபடி அறுத்து, வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஒருதரம் பட்டது போதும் என்றுவிட்டீர்கள். அந்த இரண்டு விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. மிச்ச விரல்களால் சோறு பிசையவும் பால் கறக்கவும் பழகிக்கொண்டீர்கள். பிள்ளைகள் கேட்டால், "என்ர கையி எந்நேரமும் ஓட்டுக் கேட்டுக்கிட்டே நிக்குது" என்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.

மாமியார் கருமாதி முடிந்த அன்று கேட்டேனே, இனிமேல் சொல்லிவிடட்டுமா என்று. "எதுக்கு? அந்தப் பொய்யி என்ர கையோடவே ஒட்டிப்போச்சு. பிச்சா வலிக்கும், உடு" என்றீர்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

சௌமியா வளர்ந்தபிறகு அது சௌகரியமாக இல்லை. உங்கள் விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் இந்தப் படிப்புக்கே போனாள். "மோகனூர் அத்தை மாதிரி அவசரக்காரங்க கையிலயும் தாங்கற மாதிரி ஒண்ணு செய்யோணும் அப்பத்தா" என்பாள். ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன்.

நேற்று ஆராய்ச்சி அறையில் அவளும் நானும் மட்டும். அவள் ஒரு கோழிக்காலிலிருந்து வெள்ளை நாணை உரித்தெடுத்தாள். குறுக்கே வெட்டினாள், தைத்தாள், மேலே உறையை மாட்டினாள். இழுக்கிற மெசினில் இரண்டு முனையையும் கவ்வ வைத்தாள். பக்கத்து மேசையில் அச்சுக்குப் போகிற காகிதக் கட்டு. முதல் பக்கம் மேலாக இருந்தது. நான் படித்தேன். திரும்பவும் படித்தேன்.

"அப்பத்தா, இங்க பாருங்க, இழுக்கப் போறேன்."

மெசின் மெல்ல இழுத்தது. திரையில் ஒரு கோடு ஏறியது. "தாங்குது, தாங்குது" என்றாள் அவள். கோடு ஏற ஏற என் கட்டைவிரல் தானாக மடங்கியது. அறுந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அறுகிறவரை இழுப்பதுதான் சோதனை என்று முன்பே சொல்லியிருந்தாள்.

டுக்.

நான் கத்திவிட்டேன், நங்கை. பெட்டி கவிழ்ந்து ஐஸ் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அவள் பதறிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தாள். "என்னாச்சு அப்பத்தா? அறுந்தது ஒறைக்கு வெளியதான். தெச்ச எடம் நிக்குது பாருங்க. நல்ல சேதிதான்!"

"அவுத்தது நாந்தேன்" என்றேன்.

"எத?"

"மோகனூர் அத்தை கட்ட. அவுத்ததும் நாந்தேன், வெரல நிமித்துனதும் நாந்தேன். அவுங்க பழிய ஏத்துக்கிட்டாங்க."

அவள் கை என் தோளிலிருந்து நகர்ந்தது. மெசினை நிறுத்தினாள்.

"எத்தன பேருகிட்ட நாஞ்சொல்லியிருக்கறேன், அவுங்க பொறுமையில்லாம அவுத்துட்டாங்கன்னு. மேடையில சொல்லியிருக்கறேன். அவுங்க மொகத்துக்கு நேராவே சொல்லிச் சிரிச்சிருக்கறேன். நீங்க பக்கத்துல உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்தீங்க அப்பத்தா."

நான் கவிழ்ந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"அவுங்க சாகறதுக்கு முன்னாலயாச்சும் சொல்லியிருக்கலாமுல்ல?"

அவள் வெளியே போய்விட்டாள். நான் குனிந்து கோழிக்கால்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன். ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிடலாம் என்று புடவையை உதறிக்கொண்டிருந்தபோது அவள் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் நோட்டு.

"எத்தனாவது நாளு?"

"பத்தொம்பது."

"எப்படி நிமித்துனீங்க? காட்டுங்க." தன் வலது கையை என் முன்னால் நீட்டினாள். விரல்களைச் சுருட்டித் தளரவிட்டாள்.

நங்கை, அந்தக் கையை எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. உங்கள் சாடை அவள் விரலில் இருக்கிறது, அதே நீளம். ஆள்காட்டி விரலுக்கு அடியில் கட்டைவிரலை வைத்தேன். மெல்ல நிமிர்த்தினேன்.

"இவ்வளவு மெதுவாவா?"

"ஆமாஞ் சாமி. வலிக்கக்கூடாதுன்னு."

அவள் ஒரு சின்னக் கருவியை எடுத்து வந்தாள். மீன்காரர் வைத்திருக்கும் வில்தராசு மாதிரி கொக்கி வைத்தது, எண் தெரிகிறது. "அன்னிக்கு இழுத்த அளவுக்கே இதை இழுங்க. கூடவும் வேண்டா, கொறையவும் வேண்டா."

இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னால் இழுத்த இழுப்பு. நினைவு இருக்குமா என்று கேட்கிறீர்களா? கை மறக்கவே இல்லை. மூன்று தடவை இழுக்கச் சொன்னாள். ஏறத்தாழ ஒரே எண்தான் வந்ததாம். எழுதிக்கொண்டாள்.

"வெறும் தையலு அந்த நாளுல இதத் தாங்காது அப்பத்தா. சொந்த நாரு வளந்து பிடிச்சிருக்காது. வீட்டுல இருக்கறவங்க இந்த மாதிரிதான் இழுப்பாங்க. முரட்டுத்தனமா யாரும் இழுக்கறதில்ல. கழுவறப்ப, துடைக்கறப்ப, பாசமா இழுப்பாங்க. என்ர ஒற தாங்க வேண்டியது இந்த அளவத்தான்."

"இப்பத் தாங்குமா?"

"கோழிக்கால்ல தாங்கிருச்சு. அதுவும் இன்னிக்குத் தெச்சு இன்னிக்கே இழுத்ததுல. உசுரு இருக்கற ஒடம்புக்குள்ள பத்தொம்பதாம் நாளு தாங்குமான்னு இன்னும் தெரியாது. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட வரும்போது என் பெட்டியை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியில் கேட்டேன்: "அந்தப் பக்கத்துல என்ர பேரப் போட்டு, நாந்தேன் அவுத்தேன்னு எழுதிப்போடு கண்ணு."

"சொல்ல வேண்டாமுன்னு அத்தை கடைசிவரைக்கும் இருந்தாங்க. அத ஒடைக்க நா ஆரு?" என்றாள். பஸ் கிளம்பும்போது போனை ஜன்னல் வழியாக நீட்டிக் காட்டினாள். புது வரி இது:

"கட்டை அவிழ்த்தது யார் என்று கடைசிவரை சொல்லாத என் மோகனூர் அத்தைக்கு."

வீட்டுக்கு வந்ததும் நேராக நடுவீட்டில் மாட்டியிருக்கிற மாமியார் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அன்னைக்கு நங்கை கட்ட அவுத்தது நாந்தேனுங்க அத்த" என்று சத்தமாகச் சொன்னேன். போட்டோவிலேயே அந்தப் பார்வை பார்க்கிறார். நீங்கள் என் காலை மிதித்தது நியாயம்தான் நங்கை. உயிரோடு இருந்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

இன்று காலை கொடிக்காலுக்குப் போனேன். வெற்றிலை கிள்ளுவதை நான் இன்னும் விடவில்லை. ஏன் விடவில்லை, ஏன் அந்த வேலைக்குப் போகும்போதெல்லாம் வாய் பேசாமல் கிள்ளுகிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு காம்புக்கும் என் கட்டைவிரலுக்கு அடியில் அதே டுக். இத்தனை வருசமாக ஒரு இலைகூட அதைச் சொல்லாமல் என் கைக்கு வந்ததில்லை. இன்றும் அதே சத்தம்தான். ஆனால் இன்று கிள்ளக் கிள்ள வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். நாந்தேன். நாந்தேன்.

பக்கத்து வரிசையில் கிள்ளிக்கொண்டிருந்த பொன்னாயி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, ஆருகூடப் பேசறீங்க?"

"எங்க நங்கைகூட" என்று சொல்லிவிட்டு, அடுத்த காம்பைப் பிடித்தேன்.